தொள்ளாயிரத்துப் பதினேழு

2022 ஆகஸ்டு மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, சைனிக்புரியிலிருந்து மௌலா அலி வரை குடியிருந்த எல்லோருடைய வலது உள்ளங்கையிலும், அவரவர் பிறவியிலேயே சுமந்து வந்த மரபணுப் பழுதுகளின் எண்ணிக்கை மருதாணி நிறத்தில் தெரிந்தது. பெரும்பாலானோருக்கு நானூறு, ஐந்நூறு. சைனிக்புரிவாசியான கணிதப் பேராசிரியர் சாரங்கபாணிக்குத் தொள்ளாயிரத்துப் பதினேழு.

எண்ணின் பொருள் முதலில் புரிந்ததும் அவருக்குத்தான். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சிறு கூட்டத்தில், பழுது குறைந்தவர்கள் தற்செயலாகப் பிள்ளையில்லாமல் போனால் அந்தக் குறைந்த எண்ணும் அவர்களோடு போய்விடும், அடுத்த தலைமுறை கூடுதல் பழுதோடுதான் தொடங்கும் என்று இருபது வருடமாகச் சமன்பாடு எழுதியவர். முந்தைய வருடம் அதே கணக்கை மௌலா அலியில், மகன் கௌஷிக் விரும்பிய வர்ஷினியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். அவளுடைய அண்ணன் சுதர்சன் மல்லாபூர் தொழிற்சாலையில் ஃபிட்டர்; பிறவியிலேயே காது கேட்காது. "உங்க ரத்தத்துல பழுது சேர்ந்துட்டே போகுது. எங்க வம்சத்துக்கு அது வேண்டாம்" என்றார், உதட்டசைவை வைத்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் அந்த மனிதரின் முகத்துக்கு நேராக. தன் அப்பாவும் தாத்தாவும் சொந்த அக்கா மகளையே கட்டியவர்கள் என்பதைச் சொல்லவில்லை. கௌஷிக் புனேவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனான். அதன்பின் போன் செய்யவில்லை.

ஊர் ஆறே மாதத்தில் எண்ணுக்குப் பழகிவிட்டது. கையால் பேசுகிற சுதர்சனின் நானூற்று முப்பத்தொன்று கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் மனப்பாடம். சாரங்கபாணி மட்டும் வலது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வகுப்பில் இடது கையால் கோணல்மாணலாக எழுதினார்.

2024 மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை மௌலா அலிக்குப் போனார். கதவைத் திறந்த சுதர்சனைக் கும்பிட்டு, உதடு தெரிய மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு நான் சொன்னது பொய்க் கணக்கு. என் வீட்டை விட்டுட்டுப் போட்ட கணக்கு." கூப்பிய கைகளுக்குள் எண் ஒளிந்திருந்தது. சுதர்சன் அந்தக் கைகளைப் பிரித்துப் பார்த்தார். சாரங்கபாணியால் தலை நிமிர முடியவில்லை.

பின்னால் வந்து நின்ற வர்ஷினியிடம், "கௌஷிக்கிட்ட நான் பேசட்டுமா அம்மா?" என்றார்.

"அந்தப் பேச்சு நக்கோ சார், வேண்டாம். எனக்கு வேற இடத்துல நிச்சயமாயிடுச்சு."

சுதர்சன் விரல்களால் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சிருக்கீங்களாம், தோல் உரிஞ்சிருக்காம். அது போகாதுங்கறான். தேங்காய் எண்ணெய் தடவினா எரிச்சல் அடங்குமாம்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். சாரங்கபாணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.