ஹாதிமின் கிளேச்சா

மாப்பிள்ளை வீட்டார் வந்த அந்த வியாழக்கிழமை நான் கிளேச்சா பலகாரம் சுடுவதாகவே இல்லை. தம்பி ஹாதிம் போரில் செத்த பிறகு இரண்டு வருடமாக அந்த மாவை நான் தொட்டதில்லை. தங்கை இப்திசாம்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள்.

"கடைக் கேக்கை வெச்சா என்னக்கா நினைப்பாங்க? உன் கிளேச்சாவை ஒரு வாய் சாப்பிட்டாப் போதும், அவங்க அப்பா இங்கேயே பேசி முடிச்சுடுவார்."

அவள் ஆசைப்பட்ட பையன் மாஸின், எங்கள் ஹில்லா ஊரிலேயே குடிநீர் இலாகாவில் பொறியாளர். அவன் அம்மா போன வாரமே வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். இந்த முறை அவனும் அவன் அப்பாவும் வந்தார்கள். அப்பா, ஓய்வுபெற்ற மேஜர் ஷாக்கிர். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. பெரியப்பா ஜாசிம்தான் வாசலில் நின்று இருவரையும் கட்டித் தழுவி அழைத்து வந்தார்.

என் கிளேச்சா மற்ற வீட்டுக் கிளேச்சா மாதிரி இருக்காது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை நெய்யில் பிசைந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, மாவுக்குள் வைத்துச் சுருட்டி, வெட்டிச் சுடுவார்கள். நான் முற்றத்துக் கிச்சிலி ஆரஞ்சு மரத்துப் பழத்தோலைக் காயவைத்து இடித்து அதில் சேர்ப்பேன். ஹாதிமுக்கு அந்த இளங்கசப்பு உயிர். போர் நடந்தபோது சர்க்கரை அளந்துதான் கிடைத்தது. நானும் இப்திசாமும் டீயில் சர்க்கரையை நிறுத்தினோம். மிச்சம் பிடித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுட்டு, மாவுச் சாக்குத் துணியில் பொட்டலம் கட்டி, நீல நூலால் அவன் பெயரைத் தைத்து, தெற்கே போர்முனைக்கு ரேஷன் லாரி ஓட்டிய எங்கள் தெரு நயீமிடம் கொடுத்தனுப்பினேன். ஒன்றரை வருடம் அப்படி அனுப்பினேன்.

ஹாதிமிடமிருந்து கடிதம் வரும். "அக்கா, எல்லோர் வீட்டிலிருந்தும் ஏதாவது வருகிறது. நீ மறந்துவிட்டாயா?" என்று கேட்பான். அனுப்பியிருக்கிறேன் என்று பதில் எழுதுவேன். அடுத்த கடிதத்திலும் அதையே கேட்பான். நான் நயீமைத்தான் சந்தேகப்பட்டேன். அவன் பெண்டாட்டி எதிரிலேயே அவனைத் திருடன் என்று கத்தினேன். பொட்டலத்தைப் பட்டாள அலுவலகத்தில் கொடுத்துவிட்டதாகப் பிள்ளைகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. ஹாதிமின் கடைசிக் கடிதம் வந்த பதினோராம் நாள், பஸ்ராவுக்குக் கிழக்கே குண்டு விழுந்து அவன் போனான்.

டீ கொடுத்ததும் பெரியப்பா, மகன் பெயரால் தகப்பனை அழைக்கும் எங்கள் வழக்கப்படி மேஜரை அழைத்துப் பேச்சை ஆரம்பித்தார். "அபூ மாஸின், நீங்களும் தெற்குலதான் இருந்தீங்களாமே? அங்க சாப்பாடெல்லாம் எப்படி?"

"அதை ஏன் கேக்கறீங்க!" மேஜர் சிரித்தார். "சிப்பாய்களுக்கு ஊத்தற பருப்புத் தண்ணியில பருப்பைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி வேணும். டின்ல வர்ற அவரைக்கு எங்க பசங்க ரெண்டாவது எதிரின்னே பேர் வெச்சிருந்தாங்க."

பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். மேஜர் ஒரு கிளேச்சாவை எடுத்துக் கடித்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கிச்சிலித் தோலா போட்டிருக்கே? இந்த ருசி எனக்குத் தெரியுமே! போர்முனையில தின்னிருக்கேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரும். அன்னிக்கு எங்க பதுங்குகுழியில பெருநாள்தான். லாரிச் சத்தம் கேட்டாலே எனக்கு வாய் ஊறும்."

டீ கெண்டி என் கையில் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"யாருக்கு வந்த பொட்டலம் அது?"

"யாருக்கோ. பட்டாளத்துக்கு எது வந்தாலும் முதல்ல அதிகாரிங்க எங்ககிட்டதான் வரும்."

"துணியில பேர் இருந்துச்சா?"

"நீல நூல்ல என்னவோ..." என்றவர் நிறுத்திக்கொண்டார். அவர் பார்வை சுவரில் கறுப்பு நாடா கட்டிய படத்தின் பக்கம் போனது. கீழே ஹாதிமின் பெயர் எழுதியிருந்தது.

நான் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்தேன். எங்கள் ஊரில் விருந்தாளி முன்னாலிருந்து தட்டை எடுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். தெரிந்தேதான் எடுத்தேன்.

"சபீஹா! உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று பெரியப்பா எழுந்தார்.

நான் உள்ளே போய்க் கடைசிக் கடிதத்தை எடுத்துவந்து நின்றபடியே படித்தேன். "அக்கா, வீட்டில் சர்க்கரை இல்லையென்றால் இல்லை என்று எழுது. அனுப்பினேன் அனுப்பினேன் என்று ஏன் பொய் சொல்கிறாய்? ரொட்டியைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்து டீயில் ஊறவைத்துத் தின்கிறோம். எனக்குக் கிளேச்சா வேண்டாம். நீ என்னிடம் பொய் சொல்லாமல் இருந்தால் போதும்."

படித்து முடித்தேன். மேஜர்தான் முதலில் பேசினார்.

"நாங்களும் அதே குண்டுமழையிலதான் கிடந்தோம். நாலு பிஸ்கட்டுக்காக ஒரு ராணுவ அதிகாரியைக் கூப்பிட்டு வெச்சு அவமானப்படுத்தறீங்களா? இந்தப் பேச்சு வெளிய போனா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியும். ராணுவத்தைக் குறை சொன்னவர்கள் வீடு திரும்பாத அந்த வருடங்களில் அது தெரியாதவர் யாரும் இல்லை. பெரியப்பா முகம் வெளுத்து ஜன்னலைச் சாத்தப் போனார்.

"போகட்டும்!" என்றேன் நான். "தின்னதைக்கூட விடு. அக்கா பொய்க்காரின்னு நினைச்சுக்கிட்டே செத்துப்போனான் என் தம்பி. அந்த நினைப்பை மாத்திக் குடு. முடியுமா உன்னால? ஒரே ஒரு பொட்டலம், ஒரே ஒரு தடவை அவன் கையில குடுத்திருக்கக் கூடாதா?"

மாஸின் தன் அப்பா பக்கம் திரும்பினான். "அப்பா, பேரைப் படிச்சீங்களா?" என்று கேட்டான்.

"படிச்சேன்டா! நானூறு பேர்ல ஒவ்வொருத்தனா தேடிப் போய் ஊட்டிவிடறதா என் வேலை?"

மேஜர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். மாஸின் கதவருகே ஒரு கணம் நின்றுவிட்டு அவர் பின்னால் போனான்.

இப்திசாம் சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். "ஹாதிம் எனக்கும் அண்ணன்தான்க்கா. ஆனா உன் கோபத்துக்கு என் கல்யாணம்தானா கிடைச்சுது?" என்றாள். மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

மேஜர் வந்துபோன மறுநாளே நான் நயீம் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி பாதிக் கதவைத் திறந்தாள். திருடனைக் கண்டுபிடித்துவிட்டேன், உன் புருஷன் இல்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். "இதைத் தெருவுல நின்னு சொல்லு. அன்னிக்குத் தெருவே கேக்கத்தானே கத்தின?" என்றாள். நியாயம்தான். தெருவில் நின்று உரக்கச் சொன்னேன்.

நான் வேலை பார்த்த தொலைபேசி நிலையத்துக்கு ஒரு நாள் மாஸின் தனியாக வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அக்கா, அவரை மன்னிக்கச் சொல்லி வரல. நான் வீட்டை விட்டு வந்துட்டேன். வாடகைக்கு ரெண்டு அறை பார்த்திருக்கேன். இப்திசாம் சம்மதிச்சா, நீங்களும் சம்மதிக்கணும்."

"கட்டிக்கோ. ஆனா உங்கப்பா என் வாசப்படி மிதிக்கக் கூடாது. நான் சமைச்சதுல ஒரு பருக்கைகூட அவர் வாய்க்குப் போகக் கூடாது."

"போகாது," என்றான்.

கல்யாணம் மாஸினின் மாமா வீட்டில் நடந்தது. ஊர் வாய்க்குப் பயந்து மேஜரும் வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பெண்கள் பக்கம் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது மாஸினின் அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"மாஸின் எல்லாத்தையும் சொன்னான். சபீஹா, நீ என்னைத் திட்டு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். லீவுல வர்றப்ப அவர் அந்தக் கிளேச்சாவை வீட்டுக்கும் கொண்டுவருவார். பஸ்ரா கடைத்தெருவுல வாங்கினதுன்னு சொல்வார். நான் தின்னேன். பையனும் தின்னான். வீட்டுல சுட்டதுன்னு பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுது. யார் வீட்டுதுன்னு கேக்கணும்னு தோணுச்சு. கேக்கல."

"நல்லா இருந்துச்சா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் மோவாயில் வழிந்தது.

அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டேன். பின்கட்டில் கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் விழுந்த சத்தத்தில், ஷாக்கிரைப் பெயர் சொல்லி, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் திட்டினேன். தொண்டை கட்டிப்போனது. ஆத்திரம் மட்டும் இம்மியும் குறையவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் என் தங்கையின் பக்கத்தில் நின்றேன்.