கழுவிக் கவிழ்த்த கிளாஸ்

அந்த வீட்டைப் பொலிஸ்காரருக்குப் பிடிக்கவே இல்லை. தமிழ்ச் சனம் நிறைந்த வெளிநாட்டுப் புறநகரான மல்வேர்னில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் ஒன்று. மாடியில் நாற்பத்தாறு வயது இரத்தினவேல் இறந்து கிடக்கிறார். கீழே குசினி அடுப்பிலிருந்து நிலம்வரை பளபளவென்றிருக்கிறது. புருஷன் செத்த காலையில் எந்தப் பெண் நிலம் துடைப்பாள் என்று கேட்பதுபோல அவர் துர்க்காவைப் பார்த்தார்.

துர்க்காவுக்கு விளங்கியது. ஆட்கள் வரப்போகிறார்கள் என்றால் எங்கள் சனம் வீட்டைத் துடைக்கும். வருவது பொலிசாக இருந்தாலென்ன, கொரோனராக இருந்தாலென்ன. ஒன்பது வருடமாக அவள் கொரோனர், மரண விசாரணை செய்யும் டொக்டர். செத்தது யார், எப்போது, எங்கே, எதனால், எப்படி என்று ஐந்து கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். யாரில் பிழை என்பது அவளுடைய கேள்வியே இல்லை. ஆனால் போகிற வீடெல்லாம் சனம் அதைத்தான் கேட்டு உயிரை எடுக்கிறது.

உடலைப் பார்த்துவிட்டு இறங்கினாள். காயம் ஒன்றும் இல்லை. படிக்கட்டடியில் செத்தவரின் தம்பி துஷாந்த் மறித்துக்கொண்டு நின்றான்.

"டொக்டர், அண்ணையை வெட்ட விடமாட்டன். சனிக்கிழமை கிரியை. நெஞ்சு நொந்து செத்துப்போனார், அவ்வளவுதான். எழுதிவிடுங்கோ."

"நெஞ்சு நொந்தது எண்டு ஆர் சொன்னது?"

குசினியில் நின்ற இரத்தினவேலின் மனைவி யோகராணி சட்டென்று சிங்க் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரேயொரு கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது. துர்க்கா போய்க் குனிந்து மணந்து பார்த்தாள். சவர்க்காரத்தையும் மீறி ஓமம் மணத்தது. அடக் கடவுளே! நெஞ்சு நொந்தால் வாய்வு, வாய்வென்றால் ஓமத்தண்ணி. கடல் கடந்தும் இது மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

"அக்கா, எத்தினை மணிக்குக் குடுத்தனீங்கள்?"

யோகராணி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

"விடிய ஆறரைக்கு. வாய்வாக்கும் எண்டு அவிச்சுக் குடுத்தன். கொஞ்சம் படுக்கிறன் எண்டு மேலை போனவர். அம்புலன்சுக்குப் போன் அடிச்சிருந்தா உயிரோடை இருந்திருப்பார். நான்தான் அவரைச் சாகடிச்சுப்போட்டன்."

"அண்ணி, சும்மா இருங்கோ!" என்று துஷாந்த் கத்தினான். "வெட்டினா ஓமத்தண்ணி தெரியவரும், டொக்டர். பிறகு சனம் இவவை உயிரோடை விடாது."

அப்போதுதான் அவன் மறிப்பின் காரணம் தெரிந்தது. மாரடைப்பு என்று எழுதிவிட்டுப் போனால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனாலும் கேட்டாள்.

"உங்கடை அப்பா எப்பிடிப் போனவர்?"

"அவரும் இப்பிடித்தான், திடீரெண்டு. நாப்பத்தெட்டு வயதிலை. சித்தப்பாவும்."

துர்க்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை, பிரேத பரிசோதனைக்குக் கையெழுத்து வைத்தாள்.

"நீங்களும் ஒரு தமிழ்ப் பொம்பிளையோ!" என்று அவன் கதவை அடித்துச் சாத்தினான். அது அவளுக்கு நன்றாகவே நொந்தது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. தொலைபேசியில் சொல்ல மனமில்லாமல் நேரே போனாள்.

"நெஞ்சிலையிருந்து போற பெரிய இரத்தக் குழாய் கிழிஞ்சிருக்கு, அக்கா. ஓமத்தண்ணி அவரைக் கொல்லேல்லை."

"அம்புலன்சுக்கு அடிச்சிருந்தா?"

"தப்பியிருப்பாரோ எண்டு ஆராலையும் சொல்லேலாது. உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன். வைத்தியம் படிச்ச ஆக்களே இதை வாய்வெண்டு நினைக்கிறவை." பிறகு துஷாந்தைப் பார்த்தாள். "இது பரம்பரையிலை வாறது மாதிரிக் கிடக்கு. நீங்கள் உடனை ஸ்கான் எடுக்கோணும்."

"எனக்கொரு வருத்தமும் இல்லை, நான் நல்ல சுகமாத்தான் இருக்கிறன்" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யோகராணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஐந்து மாதம் கழித்து, துர்க்காவின் அலுவலகத்துக்கு இருவரும் வந்தார்கள். துஷாந்த் மெலிந்திருந்தான். சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றினான். நெஞ்சின் நடுவே நீளமாக ஒரு தையல்.

"அண்ணையை வெட்ட விடமாட்டன் எண்டு நிண்டன். கடைசியிலை என்னையே வெட்டிப்போட்டாங்கள், டொக்டர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எனக்கும் கிழிஞ்சிருக்குமாம்."

துர்க்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளுடைய கோப்புகளில் இருப்பவர்கள் ஒருவரும் இப்படி எழுந்து வந்து கதைப்பதில்லை.

"ஸ்கானுக்கு எப்பிடிப் போனீங்கள்?"

"எங்கை போனவர்!" என்றாள் யோகராணி. "நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது, வாய்வாக்கும், ஓமத்தண்ணி அவியுங்கோ எண்டு வந்து நிண்டவர். அடுப்பை மூட்டேல்லை, டொக்டர். அம்புலன்சுக்கு அடிச்சன்."