ஒரு எழுத்தும் விடாமல்

செயற்கைப் பல் செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். என் தங்கையின் வேலையே பீங்கான் பல்லுக்குச் சாயம் தீட்டுவதுதான். பக்கத்துப் பல்லோடு வித்தியாசம் தெரியக்கூடாது. ஒரு பல்லுக்கு நாலு சாயம் கலப்பாள், நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இதெல்லாம் தெரிந்தும், டயர் எழுத்துக்கு வெள்ளை அடிப்பது எப்படி என்று போனில் அவளுக்கு வகுப்பு எடுத்தேன்.

"அண்ணா, டயர்ல எழுத்தெல்லாம் மேடா நிக்குதே, அதுக்கு வெள்ளை அடிச்சா நிக்குமா?"

"நிக்கும். முதல்ல சோப்புத் தண்ணி விட்டு நல்லா தேச்சுக் கழுவு. காஞ்சப்புறம் ஸ்பிரிட்ல துடைச்சிடு, இல்லேன்னா உரிஞ்சுக்கிட்டு வந்துடும். மெல்லிசா மூணு தடவை அடி. அவசரப்படாதே."

டயர் கடைக்காரனான என்னிடம் யாராவது சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. கம்பெனி பேரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் அதற்கு மட்டும்தான் அடிப்பார்கள்.

அந்த நாலு டயரும் நான் கொடுத்தவை. ஆறு மாதத்துக்கு முன்னால் தங்கையும் மாப்பிள்ளையும் ஒரு பழைய கார் வாங்கினார்கள். குடும்பத்தில் முதல் கார். டயர்கள் மொட்டைத் தலையாக இருந்தன. "நாலு டயரும் என் பொறுப்பு" என்று மாப்பிள்ளை முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மறுநாள் கடைக்குப் போனதும் என் புத்தி வேறு பக்கம் போயிற்று. குடோன் கடைசியில் அதே அளவில் நாலு டயர் கிடந்தன. யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வராமல் போனது. ரோட்டில் ஓரடி கூட ஓடாத டயர்கள். புது டயரின் மேல் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ரப்பர் இழை கூட உதிரவில்லை. ஆனால் கிடந்த வருஷங்கள் கிடந்தவைதானே. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் உபதேசம் செய்கிறவன் நான். பாலிஷ் போட்டுத் துடைத்தேன், மாட்டினேன்.

"புதுசாண்ணா?" என்று கேட்டாள்.

"நேத்து வந்த சரக்கு."

அவள் டயர் முடியைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். கஞ்சத்தனமா, அலட்சியமா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. நல்ல டயரை வெளியாளுக்கு விற்றுவிட்டு, வாங்க ஆளில்லாததைக் கூடப் பிறந்தவளுக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான். ஊருக்குள் ஓட்டத்தானே, வேலைக்குப் போக, காய்கறி வாங்க என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை அவளுடைய பெரிய பெண்ணைக் கல்லூரி ஹாஸ்டலில் விட முந்நூறு கிலோமீட்டர் போகிறார்கள், வழியனுப்பிவிட்டு வரலாமென்று. அவர்கள் அந்த டயரில் அவ்வளவு தூரம் போவதைப் பற்றி டயர் கடைக்காரனாகிய எனக்கு அதுவரை ஒரு நினைப்பும் வரவில்லை. வண்டி வாசலில் நின்றது. முட்டி வரை நனைந்த பழைய நைட்டியோடு தங்கை எழுந்து வந்தாள். விரல் நகமெல்லாம் வெள்ளை.

"நாலு நாளாச்சு. வேலை முடிஞ்சு வந்து ஒரு நாளைக்கு ஒரு டயர். நல்லாருக்கா பாருங்க."

நன்றாகத்தான் இருந்தது. கடையில் அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. கம்பெனி பேர் மட்டுமில்லை. அளவு எண், எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு காற்று அடிக்க வேண்டும், எறும்பு சைஸில் இருக்கிற எச்சரிக்கை வாசகம், எல்லாம் வெள்ளை. சின்ன எழுத்தையெல்லாம் பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்திருக்கிறாள்.

"எதுக்கு இவ்வளவு?"

"அண்ணன் குடுத்ததாச்சே. ஒண்ணையும் விட மனசு வரல."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை குனிந்து ஓரிடத்தில் விரல் வைத்தார். "மச்சான், எல்லாத்தையும் படிச்சுட்டேன். இந்த நாலு நம்பர் மட்டும் புரியல. இது எதுக்கு?"

2314. நீள்வட்டக் கட்டத்துக்குள், கட்டத்துக்கும் கோடு போட்டு. இரண்டாயிரத்துப் பதினாலு, இருபத்து மூன்றாவது வாரம். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கலாம். கருப்பில் கருப்பு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தேன்.

"அது கம்பெனிக்காரங்க கணக்குக்காகப் போடற ஏதோ நம்பர்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டிகளை எடுத்து வைக்க உள்ளே போனார். நான் மற்ற டயர்களையும் சுற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே எண். வயசான டயர் வெயிலில் நெடுந்தூரம் ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படி டயர் வெடித்து நொறுங்கி வந்த வண்டிகளைக் கடையில் இறக்கியிருக்கிறேன். ஒரு தடவை சீட்டில் குழந்தையின் செருப்பு கிடந்தது.

"சாவியைக் குடும்மா. கடைக்கு எடுத்துட்டுப் போய் வேற நாலு போட்டுக் கொண்டு வந்துடறேன். வீல் கொஞ்சம் ஆடற மாதிரி தெரியுது."

"ஆடலையே. நேத்துகூட ஓட்டினேன். அதெல்லாம் வேண்டாம், நாளைக்கு என் பொண்ணு இந்த டயர்லதான் போய் இறங்கணும்."

"சொன்னா கேளு."

"ஏன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலை நம்பத் தயாராக நின்றாள். எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள். அதுதான் தாங்கவில்லை.

தரையில் உட்கார்ந்து அந்த எண்ணைக் காட்டினேன். "இது வெறும் கம்பெனி நம்பர் இல்லம்மா. டயர் செஞ்ச தேதி. முன்னாடி இருக்கறது வாரம், பின்னாடி இருக்கறது வருஷம்."

அவள் குனிந்து படித்தாள். உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறாள்.

"பத்து வருஷம்," என்றாள். "நேத்து வந்த சரக்குன்னீங்க."

"குடோன்ல கிடந்தது. யாரும் வாங்கல."

"தெரிஞ்சேதானே குடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம். அவள் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். பெரியவள் தலையணையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"பழசுன்னு சொல்லியே குடுத்திருந்தாலும் நான் சந்தோஷமா பெயிண்ட் அடிச்சிருப்பேண்ணா," என்றாள் மெதுவாக. "ஆனா என் பிள்ளைங்களை ஏத்தியிருக்க மாட்டேன்."

சாவியை என் கையில் தரவில்லை. தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கடையில் அன்று காலை வந்து இறங்கிய நாலு டயர் இருந்தன. கழற்றி, மாட்டி, காற்றடித்து, அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்த இரண்டு மணி நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை காபி கொண்டு வந்து கொடுத்தார். அவளிடமிருந்து விஷயம் தெரிந்துகொண்டாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. தங்கை டார்ச்சோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சக்கரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்த இடத்தைத் தேடி, நாலு டயரிலும் தேதியைப் படித்துவிட்டுத்தான் எழுந்தாள்.