பேரவைத் தலைவரின் நெட்வொர்க் கார்டு

ஐப்பசி மழையில் நெடுங்காட்டில் விழுந்த இடி, முருகானந்தம் வீட்டுத் தென்னையை விட்டுவிட்டு, மொட்டைமாடி வழியாக வந்த இணைய வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. வீட்டில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரிலும் வயர் சொருகும் துளை கருகிப் போயிற்று. பெட்டிகள் பிழைத்துக்கொண்டன. உலகத்தோடு இருந்த தொடர்பு மட்டும் போயிற்று.

முருகானந்தம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அது பிழைப்பு. அவரைக் கேட்டால், அவர் 'காரைக்கால் கட்டற்ற மென்பொருள் பேரவை'யின் நிறுவனத் தலைவர். யாரும் காசில்லாமல் எடுத்து, பிரித்துப் பார்த்து, திருத்திக்கொள்ளலாம் என்கிற மென்பொருளுக்கு அப்படிப் பேர். உறுப்பினர்களில் பெரும்பாலோர் வளைகுடாவுக்குப் போய்விட்டதால் பேரவை இப்போது ஒரு வாட்ஸப் குழு. வாட்ஸப் கட்டற்ற மென்பொருள் இல்லையே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டவரைக் குழுவிலிருந்து நீக்கியாயிற்று.

விண்டோஸ் வீட்டு வாசல்படி ஏறக் கூடாது என்பது அவர் சட்டம். அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை அதே விண்டோஸில்தான் உட்கார்ந்திருந்தார். அதைச் சிறைவாசம் என்பார். ஒன்றாம் தேதியானால் சம்பளம் தருகிற சிறை. வீட்டில் முதலில், விண்டோஸுக்குப் பதிலாக, கட்டற்ற லினக்ஸ் வைத்திருந்தார். அதிலும் இப்போது கண்டவனெல்லாம் நுழைந்துவிட்டான் என்று மனம் வெறுத்து, ஆள் நடமாட்டம் இன்னும் குறைவான வேறொரு யூனிக்ஸ் வகைக்குத் தன் பெட்டியை மாற்றிக்கொண்டார். மகள் பெட்டியில் மட்டும், பெண்பிள்ளையாயிற்றே என்று, லினக்ஸ்.

மகள் விஷ்ணுப்ரியா இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் 'கம்ப்யூட்டர் மிஸ்'ஸாக இருந்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றின் தேர்வில் இரண்டு சுற்று தேறியிருந்தாள். முதல் வருஷம் வீட்டிலிருந்தே வேலை, பிறகு சென்னை. கடைசிச் சுற்று வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு, வீடியோவில். அவர்கள் பார்க்கப் பார்க்க புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும்.

அம்மா பங்கஜவல்லி கெடு வைத்திருந்தாள். சுரக்குடியிலிருந்து அறிவுச்செல்வன் என்று ஒரு வரன், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"வேலை கெடச்சா நானே போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுறேன். கெடைக்கலன்னா சேலையக் கட்டிக்கிட்டு வந்து நிக்கணும். அப்பறம் தலைவலி காச்சல்னு படுக்கக் கூடாது."

ஏற்கெனவே மூன்று வரனைத் தலைவலி சொல்லித் திருப்பி அனுப்பியவள், சரி என்றாள். வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. போன் சிக்னல் அந்த வீட்டுக்குள் வீடியோவுக்கு எட்டாது. அவளுக்கு இல்லாதது, கருகிய துளைக்குப் பதிலாக இணைய வயரைச் சொருக ஒரு நெட்வொர்க் கார்டு.

அப்பாவும் மகளுமாகக் காரைக்காலுக்கு, மாதாகோயில் வீதியில் காஜா நஜ்முதீன் கடைக்குப் போனார்கள். காஜா இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார்.

"இது ஆயிரத்துச் சொச்சம் சார். சொருகினா ஓடும். அது முந்நூறு. சொருகினா... அல்லா விட்ட வழி."

"சொருகினா ஓடுறதுக்கு நான் எதுக்குய்யா?" என்றார் முருகானந்தம்.

"அதோட வர்ற சி.டி.கூட விண்டோஸுக்குத்தான் சார்."

"அத நீங்களே வச்சுக்கங்க. மாடியில கட்டித் தொங்க விட்டா காக்கா வராது."

"அப்பா, எனக்கு மட்டும் அந்த நல்லத வாங்கிக்கலாம்ப்பா" என்றாள் விஷ்ணுப்ரியா. "வியாழக்கிழமைக்கு வேணும்ல."

"விலை குடுத்து வாங்குறது எவனாலயும் முடியும் பாப்பா. ஓட வைக்கிறதுதான் வித்த. ரெண்டு குடுங்க பாய், முந்நூறுலயே."

"வித்தது வித்ததுதான் சார், திரும்ப எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, காஜா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால், டப்பாவில் ஒரு கம்பெனி பேர், கார்டில் வேறு பேர், சிப்பின் மேல் பேரே இல்லை. திருட்டு பைக்கில் என்ஜின் நம்பரை ராவி எடுப்பது போல ராவியிருந்தார்கள். பெட்டியில் சொருகினால், உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்றது யூனிக்ஸ். முருகானந்தத்துக்கு அதைவிட இனிப்பான வார்த்தை கிடையாது. வயிற்றுப்போக்கு என்று அலுவலகத்துக்குச் சொல்லி லீவு போட்டார்.

காரைக்காலில் இருந்த தோழி ஷஃபீனா விஷயம் தெரிந்து போன் பண்ணினாள். "பேசாம எங்க வீட்டுக்கு வந்துடுடி. மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு. வாப்பா கடைக்குப் போயிடுவாங்க. என் லேப்டாப்ப எடுத்துக்க, கதவச் சாத்திக்க, யாரும் வர மாட்டாங்க."

முருகானந்தம் காதில் விழுந்தது. "அந்த லேப்டாப்புல என்ன ஓடுது?"

"விண்டோஸ்ப்பா."

மகள் சாராயக் கடைக்கு வழி கேட்டது போல அவளைப் பார்த்தார். "பேரவைத் தலைவர் பொண்ணு விண்டோஸ்ல உக்காந்து வேலை வாங்கினான்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான்."

"எந்த நாலு பேருப்பா? உங்க பேரவையில மொத்தமே..."

"விஷ்ணு!"

ஷஃபீனாவிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

கார்டை ஓட்டுகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பேர். எந்தெந்த சிப்பை அது ஓட்டும் என்பதற்கு அதற்குள் ஒரு வரிசை இருக்கும். பேர் ராவப்பட்ட இந்த சிப் பழைய ஒன்றின் நகல்தான் என்று ஊகித்து, அந்த வரிசையில் ஒரு வரியைச் சேர்த்தார். ஓடவில்லை. வேறு வரியைச் சேர்த்தார். சோறு ஆறியது. புதன்கிழமை மத்தியானம் அவர் பெட்டி உயிர் பெற்றது.

"பங்கஜம், இங்க வந்து பாரு!"

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "என்ன தெரியணும் இதுல?"

"பாக்கெட்டு வெளிய போய்ட்டுத் திரும்ப வருது!"

"அப்படியே மளிகைக் கடைக்கும் போய்ட்டு வந்தா நல்லாருக்கும்."

தன் பெட்டியை அணைத்துவிட்டு, மகள் பெட்டியில் இரண்டாவது கார்டைப் போட்டு அதையே செய்தார். அதுவும் ஓடியது. விஷ்ணுப்ரியா ஷஃபீனாவோடு வீடியோவில் பேசிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

"நாளைக்கு ஒழுங்கா ஓடுமாப்பா?"

"நான் எழுதின டிரைவர் பாப்பா." அவர் சேர்த்தது ஒரே ஒரு வரி. சாயங்காலத்துக்குள் அது முழு டிரைவராக வளர்ந்துவிட்டிருந்தது.

வியாழக்கிழமை பதினொன்றுக்கு விஷ்ணுப்ரியா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். திரையில் ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும். முதல் கேள்வியை முடித்தாள், அந்த அம்மாள் சிரித்தாள். இரண்டாவது கேள்வியிலும் பாதி தாண்டியாயிற்று.

முருகானந்தம் சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு. அவர் போடவில்லை. ஹாலில் தன் கம்ப்யூட்டரைப் போட்டார், அவ்வளவுதான். வெற்றியைக் குழுவுக்கு அறிவிக்க வேண்டாமா?

உள்ளே அந்த அம்மாளின் முகம் வாய் திறந்தபடி நின்றது.

"அப்பா! நெட்டு போச்சு!"

"பாத்துக்கிறேன், பதறாத!"

பார்ப்பதற்கு அவருக்கு ஒரு முறை உண்டு. தன் பெட்டியிலிருந்து வெளியே பாக்கெட்டுகளை, அதாவது சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்களை, அனுப்பி, எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணுவார். அனுப்பினார். பாதி வந்தது, பாதி வரவில்லை. நிறுத்திவிட்டு யோசித்தார். உள்ளே முகம் அசைந்து, "கேக்குதா விஷ்ணுப்ரியா? பரவாயில்ல, தொடருங்க" என்றது. அவள் இரண்டு வரி எழுதினாள். அவர் யோசித்து முடித்து மறுபடி அனுப்பினார். முகம் நின்றது.

"அப்பா!"

"கேபிள்காரன் லைன்ல கோளாறு! விடாம சோதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"ஏங்க, அந்தப் பொட்டிய அணைச்சுட்டுச் சும்மா உக்காருங்களேன்" என்று அடுப்படியிலிருந்து வந்தாள் பங்கஜவல்லி. "நீங்க தட்டுறப்பல்லாம் அவ கத்துறா."

"நான் தட்டுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நீ டி.வி.ய முதுகுல அடிச்சுச் சரி பண்றவ, பேசாம போ."

மேலும் வேகமாக அனுப்பினார். மூன்றாம் தடவை விஷ்ணுப்ரியா வீடியோவில் மறுபடி இணைந்தபோது அந்த இளைஞர் மரியாதையாகக் கேட்டார்: "உங்க ஊர்ல எப்பவும் இப்படித்தானா? வீட்லேருந்து வேலை பாக்குறதுக்கு இது..." மீதி வரவில்லை. அவள் போனைத் தூக்கிக்கொண்டு, சிக்னலுக்காக மொட்டைமாடிக்கு ஓடினாள். தூறலில் ஒற்றைக் கோடு காட்டிய போன் சுற்றிச் சுற்றி இணைந்தபோது, அந்தப் பக்கம் கூட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஹாலிலிருந்து குரல் வந்தது. "பாப்பா! ஓடி வா! ஓடி வா!"

கம்பெனியில் மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தாள்.

"இங்க பாரு. உலகத்துல செய்யிற ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. ஒண்ணுக்கு உள்ளது இன்னொண்ணுக்கு இருக்கவே கூடாது. இந்த ரெண்டுக்கும் ஒரே நம்பர்! திருட்டுப் பயலுவ, ஒரே நம்பர எல்லாத்துலயும் ஏத்தி வித்துருக்கான். ரெண்டும் சேந்து ஓடினா, வர்றத யாருகிட்ட குடுக்குறதுன்னு லைனுக்குத் தெரியாது. கடைசியா எவன் பேசினானோ அவன்கிட்ட குடுத்துரும்!"

அவள் நின்றாள். "அப்ப நீங்க அனுப்பினப்பல்லாம், எனக்கு வர வேண்டியது உங்ககிட்ட வந்துடுச்சு."

"கரெக்ட்! எவ்வளவு சுருக்கா புடிச்ச பாரு! இதெல்லாம் காலேஜுல எவன் சொல்லித் தரான்?"

"உங்க பொட்டியப் போடாம இருந்திருந்தா?"

"ஒண்ணுமே ஆயிருக்காது." அவர் முகம் பிரகாசமாக இருந்தது. "ஆனா அப்ப இது தெரியாமலே போயிருக்குமே!"

அந்த நம்பரை மாற்றுவதற்கு ஒரு வரி போதும். விஷ்ணுப்ரியா தன் பெட்டியில் தானே அதை அடித்தாள். பிறகு ஒரு தடவைகூட இணைப்பு அறுந்து போகவில்லை. சாயங்காலம் கம்பெனியின் மெயில், வாழ்த்துகளோடு, தடங்கல் இல்லாமல் வந்து சேர்ந்தது. வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சுரக்குடிக்காரர்கள் வந்தார்கள். அறிவுச்செல்வன் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். அதனால் யாருக்கும் ஒரு ஆறுதலும் இல்லை. முருகானந்தம் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டார். காலையில்தான் குழுவில் ஒரு கட்டுரை போட்டிருந்தார்: 'மலிவு வலையட்டைகளில் இரட்டை முகவரி: ஒரு கள ஆய்வு'. ஒரு பயனர் முக்கியமான காணொளி உரையாடலில் இருந்த வேளையில், ஆய்வாளர் சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பி விளைவுகளைப் பதிவு செய்ததாக அதில் இருந்தது. கைதட்டல் படங்கள் வந்துகொண்டிருந்தன. நாகப்பட்டினம் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் வந்து பேச முடியுமா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார்.

"பொண்ண வரச் சொல்லுங்களேன்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"இந்தா, சேலை கட்டிக்கிட்டு இருக்கா" என்றாள் பங்கஜவல்லி. கதவைத் தட்டப் போனவள், தட்டாமல் நின்றாள்.

போன் மறுபடி அதிர்ந்தது. ஷார்ஜாவிலிருந்து ஜெகபர் அலி, பேரவையின் பொருளாளர். "மாஷா அல்லாஹ், அருமை தலைவரே. அந்த யூஸர் இப்ப எப்படி இருக்காங்க? பிரச்சினை தீர்ந்துச்சா?"

முருகானந்தம் விருந்தாளிகளைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பிழை வராமல் நிதானமாகத் தட்டினார்:

"முழுமையாகத் தீர்ந்தது. பயனரிடமிருந்து அதன் பிறகு எந்தப் புகாரும் இல்லை."