மாப்பு

அத்தாவின் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றும்போதுதான் ஆதில் அந்த நரம்புகளை முழுதாகப் பார்த்தான். பச்சையும் ஊதாவுமாகச் சுருண்டு கிடந்தன. முப்பத்தோரு வருஷம் தி.நகர் ஜவுளிக்கடையில், சட்டை செக்‌ஷனில், கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நின்ற கால்கள். "மெதுவா ஊத்துப்பா" என்றார் இறந்த உடலான மையத்தைக் குளிப்பாட்ட வந்த பெரியவர். மெதுவாக ஊற்றினான். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

காலையில் ஆஸ்பத்திரியில் ஆதிலைப் பெற்ற அத்தா இனாயத் கடைசியாகப் பேசியது கடையைப் பற்றித்தான்.

"மொதலாளி அண்ணாச்சிகிட்ட எனக்காக மாப்பு கேளுடா."

"எதுக்குத்தா?"

"கால் கடுத்தா ட்ரையல் ரூமுக்குள்ள பூந்து தாப்பா போட்டுக்குவேன். அஞ்சு நிமிசம் உக்காந்துக்கினு இருப்பேன். அவருக்குத் தெரியாது."

"உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே கீதுத்தா."

"அது கெடக்குது. நீ கேக்குறேன்னு சொல்லு."

சொன்னான். அடுத்த அரை மணியில் அத்தா போய்விட்டார்.

இந்தச் சண்டை வீட்டில் சில வருஷமாகவே உண்டு. சட்டம் வந்ததும் கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். அதன்மேல் சட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள். புகார் கொடு என்றான் ஆதில். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னதற்காகப் போன மாதம் வேலையை உதறிவிட்டு வந்தவன் அவன். "உன்ன மாதிரி நானும் ரோசம் பாத்துக்கினு இருந்திருந்தா நீ படிச்சிருக்க மாட்டே" என்பார் அத்தா. அது உண்மை என்பதுதான் ஆதிலுக்கு எரிச்சல்.

வெள்ளைத் துணியால் கபனிட்டு, சைதாப்பேட்டை வீட்டு வாசலில் சந்தூக்குப் பெட்டியில் வைத்திருந்தபோது முதலாளி சிதம்பரநாதன் வந்தார். பின்னாலேயே வலியுல்லா, அத்தாவின் பக்கத்தில் இருபது வருஷம் நின்று துணி விற்றவர். முதலாளியின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"தங்கமான மனுசன் தம்பி. ஒரு நாள்கூட அவரு உக்காந்து நான் பாத்ததில்ல."

ஆதில் தயங்கினான். அவர் அப்படியே நம்பிக்கொண்டு போனால் அத்தாவின் மானமாவது மிஞ்சும். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

"அண்ணாச்சி, அத்தா உங்ககிட்ட மாப்பு கேக்கச் சொன்னாரு. ட்ரையல் ரூம்ல உக்காந்திருக்காராம். அப்பப்ப, அஞ்சு நிமிசம்."

முதலாளி சந்தூக்கைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"போகட்டும் இனாயத்து. மன்னிச்சிட்டேன்."

"எடுக்குறதுக்கு முன்ன நீங்களும் அவர்கிட்ட மாப்பு கேட்டுடுங்க அண்ணாச்சி." ஆதிலின் குரல் உயரவில்லை.

"நானா? நான் எதுக்குப்பா கேக்கணும்?"

நக்கல் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். ஆதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள்.

முன்பக்கம் ஆதில் தோள் கொடுத்தான். அவனுக்கு இணையாக மறுபக்கம் முதலாளியும் தோள் கொடுத்தார். நாலு எட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு முட்டி வலி. வுடுங்க, நான் தூக்கிக்கிறேன்" என்று வலியுல்லா ஓடிவந்து மாற்றிக்கொண்டார்.