வெயில் விதியின் கடைசி வரி

அரசு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. இருபது வருடத்தில் நான் ஆசையோடு படித்தது, பருவநிலை மாற்றச் சட்டத்தின் கீழ் வந்த வெயில் விதியை மட்டும்தான். நாற்பது டிகிரியைத் தாண்டினால் மத்தியானம் வெளிவேலையைக் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்றது அதன் முதல் பிரதி. அக்கா வீட்டுக்காரர் ரோடு போடுகிறவர். போன கோடையில் கொதிக்கும் தாருக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விதி வந்துவிட்டதா என்று அக்கா தினமும் போன் போட்டுக் கேட்பாள்.

இரண்டாம் பிரதி வந்தது. 'கட்டாயம் நிறுத்த வேண்டும்' போய், 'நிறுத்துவது பற்றி முதலாளிகள் பரிசீலிக்கலாம்' என்று இருந்தது. அதற்குக் கீழே கடைசியாக ஒரு வரி: 'எங்கள் உறுப்பினர்கள் இதற்கு மேல் இறங்கி வர மாட்டார்கள்.'

கட்டுமான முதலாளிகள் சங்கம் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் துறையில் அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை படித்துப் பார்க்கக்கூட உடம்பு வணங்கவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது.

எங்கள் அச்சகத்தில் எழுத்துப்பிழையை நாங்களே திருத்தலாம். ஒரு வரியையே எடுப்பதென்றால், அனுப்பிய துறை காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். துறை அதிகாரிக்குப் போன் செய்தேன். சிரித்தார்.

"அட, அது சும்மா கூடவே வந்து ஒட்டிக்கிச்சு. நீங்களே அடிச்சு விட்டுடுங்க."

"சீட்டு அனுப்புங்க சார், அடிச்சுடறேன்."

என்ன காரணம் எழுதுவார், சங்கத்தின் கடிதத்தை ஒட்டிவிட்டோம் என்றா? சீட்டு வரவில்லை. நானும் அடிக்கவில்லை. அந்த வரி அப்படியே அரசிதழில் ஏறியது.

ஊரே காறித் துப்பும் என்று நம்பினேன். இரண்டு நாள் பேப்பரில் கேலி செய்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் திருத்த அறிவிப்பு என் மேஜைக்கு வந்தது, இந்த முறை சீட்டோடு. காரணம் 'தட்டச்சுப் பிழை'யாம். கடைசி வரியை மட்டும் எடுத்திருந்தார்கள். 'பரிசீலிக்கலாம்' குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருந்தது.

அப்போது பார்த்து அக்காவின் போன்.

"விதி வந்துடுச்சாமே தம்பி. இனிமே மாமாவ மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்கல்ல?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவர்கள் மேல் இருந்த அருவருப்பு என் மேலேயே திரும்பியது. அறிவிப்பை எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. அடியில் வழக்கம்போல 'பிழையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.