விழக்கூடாத கோலி

என் மச்சினன் ஓஸ்வால்ட் மாதிரி ஒரு மடையனை நான் பார்த்ததில்லை. இங்கிலாந்துல மூணாவது டிவிஷன் ஃபுட்பால் கிளப் ஒண்ணுல ஆறு வருஷமா பெஞ்சைத் தேய்ச்சிட்டிருந்தான். முதல் கோலிக்கு, அதாவது மெயின் கோல்கீப்பருக்கு, ஜலதோஷம் வந்தா இவனை இறக்குவாங்க, மூக்கு சரியானா மறுபடி பெஞ்சுக்கு அனுப்பிடுவாங்க. ஒருவழியா அந்த ஆள் ரிட்டயர் ஆனான். ஜூலையில டாக்டர் சோதனை. அதுல தேறினா இவன்தான் முதல் கோலி, ரெண்டு வருஷ காண்ட்ராக்ட். தேறலைன்னா அந்த இடத்துக்கு வேறொருத்தன் ரெடியா நிக்கிறான். இவனுக்கு வயசு இருபத்தெட்டு, இதை விட்டா அவ்வளவுதான்.

இந்த லட்சணத்துல, தொண்ணூத்தெட்டு ஜூன்ல லீவுக்குப் பெங்களூர் காக்ஸ் டவுன் வந்தவன், எங்க தெரு டீமுக்கு ஃபைனல் ஆடறேன்னு கிளம்பறான்! தெரு கோலி டைஃபாய்டுல படுத்துட்டானாம். வாசல்ல பசங்க வந்து கெஞ்சினதும் ஐயா உருகிட்டார்.

"கொழுப்பாடா உனக்கு?"ன்னேன்.

"சும்மா நிக்கிறேன் மாமா. கைக்கு வந்தா பிடிக்கிறேன், அவ்வளவுதான்."

என் பெண்டாட்டி மலர், அவனோட அக்கா, எழுந்து வந்தா. அவன் கையைப் பிடிச்சுத் தன் உச்சந்தலையில வச்சுக்கிட்டா. "கீழ விழமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியமா விழமாட்டேன்க்கா."

அவனை கோலி ஆக்கினதே இவதான். அம்மா அப்பா போனப்புறம் சந்துல நிக்க வச்சு டென்னிஸ் பந்தை வீசுவா. "விழுடா!"ன்னு ஒரு கத்து. இவன் பொத்துனு விழுவான், முட்டி கிழியும். அப்புறம் நர்ஸா இருந்த சித்தி அவனை இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. "அங்க கோச் கத்தறது காதுல ஏறாது மாமா, அக்கா குரல்தான் கேட்கும்"னு என்கிட்ட ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

அல்சூர் பக்கத்து மைதானம் மழையில நனைஞ்சு கிடந்தது. மேல சேறு, கீழ ஜல்லி. கோல் கம்பம் இரும்புக் குழாய். 

சத்தியத்தைக் காப்பாத்தினான். நின்ன இடத்துலயே பிடிச்சான், காலால தடுத்தான். ஓரமா போன ரெண்டு பந்தை வேடிக்கை பார்த்தான், ரெண்டும் கோல். எங்க பசங்களும் ரெண்டு போட்டுச் சமமாக்கினாங்க. கடைசியில பெனால்ட்டி. எங்காளுங்க அஞ்சையும் உள்ள தள்ளிட்டாங்க. அவங்களும் நாலு அடிச்சாச்சு. நாலுக்கும் இவன் ஒரு அடிகூட நகரல.

"ஹோகலே லண்டன்!"னு கன்னடத்துல, போடா லண்டன்காரான்னு, கூட்டம் கூச்சல் போட்டது. எங்க தெரு ஆளுங்களே, "இவன் அங்க கோலியா, பந்து பொறுக்கிப் போடறவனா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சது. இருந்தாலும் மனசுக்குள்ள, நில்லுடா ராசா, அப்படியே நில்லுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன். மலர் என் கையை நகம் பதியப் பிடிச்சிருந்தா.

அவங்க கடைசி அடிக்கு ரங்கா வந்தான், வாய்க்கொழுப்பு பிடிச்சவன். பந்தை வச்சுட்டு, "துரை, சட்டை அழுக்காயிடும். ஓரமா போய் நில்லு, உன் அக்காவை அனுப்பு"ன்னான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சது.

ஓஸ்வால்ட் அப்பவும் சிரிச்சுக்கிட்டே நின்னான். ரங்கா ஓடி வந்தான். ஓஸ்வால்டுக்கு இடது பக்க மூலையைப் பார்த்து உதைச்சான்.

"விழுடா!"

கத்தினது மலர். என் பக்கத்துல நின்ன என் பெண்டாட்டி! அவ வாயை மூடறதுக்குள்ள அவன் பாய்ஞ்சிட்டான். பந்து வெளிய தெறிச்சது. கை கம்பத்துல மோதின சத்தம் எனக்குக் கேட்டது, கூட்டத்துக்குக் கேட்கல. எங்க தெருக்காரங்க ஜெயிச்ச சந்தோஷத்துல உள்ள ஓடினாங்க.

மலர் எல்லாரையும் தள்ளிட்டு ஓடினா. முதல்ல அவன் முதுகுல நாலு சாத்து சாத்தினா. "கையைக் காட்டுடா, பாவி!"

வலது கையை நீட்டினான். கிளவுஸை உருவி, ஒவ்வொரு விரலா மடக்கி நிமிர்த்திப் பார்த்தா. எல்லாம் மடங்கிச்சு. அழுதுக்கிட்டே சிரிச்சா. "அந்தக் கை?"

இடது கையை அவன் வயித்தோட அணைச்சிருந்தான். கிளவுஸுக்கு மேல மணிக்கட்டு வீங்கி, கை ஒரு பக்கமா தொங்கிச்சு.

 அவன் அந்த நல்ல கையைத் தூக்கி மலர் உச்சந்தலையில வச்சான்.

"சத்தியத்தை மீறிட்டேனேன்னு பயப்படாதக்கா. நீயேதானே விழச் சொன்ன, உனக்கு ஒண்ணும் ஆகாது."